ஒழுங்கான மூச்சு

உதடு ஒட்டிப் பிரிகிற சத்தம். ஈரமான, மிகச் சிறிய சத்தம். பல ஆண்டுகள் கழித்தும் பூதிக்கு அது நினைவில் இருந்தது.

கூகைமலைப் பள்ளியில் அவள் சேர்ந்த முதல் மழைக்காலம் அது. சிறு குகையொன்றில் அருகருகே இரண்டு கற்படுக்கைகள். ஒன்றில் பூதி, மற்றதில் குணமதி. மழை ஓய்ந்து, பாறையிலிருந்து நீர் சொட்டுவதும் ஓய்ந்த பிறகு இருட்டில் அந்தச் சத்தம் கேட்டது. ஒட்டிப் பிரிந்தது. மறுபடியும் ஒட்டிப் பிரிந்தது.

படிக்கிறாள் என்று நினைத்தாள் பூதி. குரல் எழுப்பாமல் உதட்டால் மட்டும் பாடம் சொல்லிக்கொள்கிறாள்.

அதற்குப் பிறகு பூதி சரியாகத் தூங்கவில்லை.

கூகைமலை, சமணப் பெண்துறவிகள் நடத்திய பள்ளி. பாடம் சொல்பவளைக் குரத்தி என்பார்கள். இலக்கணம், தருக்கம், மருத்துவம் மூன்றும் நெஞ்சில் ஏற வேண்டும். ஏறியவர்கள் கார்த்திகை மாதத்து அவையில் நிற்பார்கள். அவைக்கு வந்த யாரும் எதையும் கேட்கலாம். கடைசிவரை நிற்கிற ஒருத்திக்கே குரத்திப் பட்டம். அவளுக்கென்று ஒரு மலை கிடைக்கும், ஒரு பள்ளி கிடைக்கும். தோற்றவளுக்கு இன்னொரு முறை கிடையாது.

அங்கே இரவில் பாடம் இல்லை. பூச்சி விழுந்து சாகும் என்பதால் விளக்கும் இல்லை. பொழுது சாய்ந்தபின் வாயில் ஒரு பருக்கைகூடப் படக் கூடாது. பகல் படிப்புக்கு, இரவு உடம்புக்கு. எப்போதோ இருந்த ஒரு குரத்தி வைத்த விதி அது.

பூதி நாற்பது வயதைத் தாண்டியவள். கணவன் இறந்தபின் அண்ணன் வீட்டு அடுப்படியில் பாதி ஆயுளைக் கழித்தவள். பள்ளிக்குக் கிளம்பியபோது அண்ணி வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

"போய் வா. உலக்கை எங்கேயும் போய்விடாது."

அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் போகக் கூடாது. பூதிக்குப் பட்டம் என்றால் அவ்வளவுதான்.

இப்போது அவை ஏறும் ஆண்டு வந்திருந்தது. ஏற இருந்தவர்கள் பூதியும் குணமதியும் மட்டும்.

களைப்பு எந்த நேரமும் இருந்தது. அது வேலை செய்த களைப்பு அல்ல. காலையில் எழும்போதே, எலும்புக்குள் ஈர மணலை அடைத்து வைத்ததுபோல் உடம்பு கனத்தது. ஏட்டைப் பிரித்தால் எழுத்துகள் எறும்புகளாகி ஊர்ந்தன. சுனை நீரை முகத்தில் அறைந்துகொண்டாள். திப்பிலியை மென்றாள். நின்றுகொண்டு படித்துப் பார்த்தாள். நின்றபடியே உறங்கி ஏட்டோடு விழுந்தாள்.

தருக்கப் பாடத்தில் குரத்தி கேட்டாள்: "மலையில் புகை தெரிகிறது. ஆகவே?"

"ஆகவே உலை வைக்கலாம்" என்றாள் பூதி.

குகையே சிரித்தது. குணமதி எல்லோரையும்விடக் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தாள்.

"பூதியக்கா, கொட்டாவி விடும்போது கையால் மறைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு குகை என்று வௌவால் நுழைந்துவிடப் போகிறது."

பூதி குணமதியின் கண்களைப் பார்த்தாள். ஓரங்கள் சிவந்திருந்தன. இரவெல்லாம் படித்தால் சிவக்காமல் என்ன செய்யும்?

பிறகு மற்றவையும் கண்ணில் பட்டன. கஞ்சி ஊற்றும்போது குணமதியின் கலத்தில் அகப்பை சற்றுத் தாமதித்தது. குரத்தி கேட்கும் கடினமான கேள்விகள் பூதியிடமே வந்தன. குணமதி தவறாகச் சொன்னால் குரத்தி திருத்தினாள். பூதி தவறாகச் சொன்னால் பேசாமல் இருந்தாள். குரத்தி வயதில் பூதிக்கு இளையவள். "அடிகளே" என்று அழைக்கும்போதெல்லாம் பூதியின் நாக்கு ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கத்தைக் குரத்தி மனதில் வைத்திருக்கிறாளோ என்றும் தோன்றியது.

அவை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் உச்சிப்பொழுதில் பூதி குரத்தியின் குகைக்குப் போனாள்.

"அடிகளே, மருந்து வேண்டும்."

"எதற்கு?"

"களைப்புக்கு."

"எப்போது களைப்பு?"

"எப்போது இல்லை என்று கேளுங்கள். சொல்வது சுலபம்."

குரத்தி சிரிக்கவில்லை. நாடி பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். கண்ணின் கீழிமையை விரலால் இறக்கிப் பார்த்தாள்.

"பசிக்கிறதா?"

"பசிக்கிறது."

"காய்ச்சல்?"

"இல்லை."

"இரவில் தூங்குகிறீர்களா, பூதியம்மா?"

"தூங்குகிறேன்."

பொய் சொல்லாமை அந்தப் பள்ளியில் எழுத்துக்கும் முந்திய பாடம். பூதி தரையைப் பார்த்தாள்.

"மருந்து இருக்கிறது" என்றாள் குரத்தி. "கொடுக்கும் முன் நீங்கள் எப்படித் தூங்குகிறீர்கள் என்று நான் பார்க்க வேண்டும்."

"இரவில் வருகிறீர்களா?"

"இரவில் எனக்குத் தூக்கம் வந்துவிடும். இப்போதே படுங்கள்."

"இப்போதா? உச்சிவெயில் அடிக்கிறது."

"கால் நொண்டுகிறவனை நடக்கச் சொல்லித்தானே பார்க்கிறோம்?"

இது சோதனை என்று பூதிக்குப் பட்டது. பட்டப்பகலில் தூங்கினால் சோம்பேறி என்று அவையில் சொல்வாள். தூங்காவிட்டால் சொன்னதைக் கேளாதவள் என்பாள். எதற்கும் இருக்கட்டும் என்று படுத்துக் கண்ணை மூடினாள். மூச்சை மெல்ல இழுத்தாள், மெல்ல விட்டாள். இழுத்தாள், விட்டாள். அதில் அவளுக்கு நல்ல பழக்கம் இருந்தது.

"போதும்" என்றாள் குரத்தி. "மிக நன்றாக இருக்கிறது."

"எது?"

"மூச்சு. அளந்து வைத்ததுபோல் ஒழுங்காக இருக்கிறது. தூங்குகிறவள் இப்படி மூச்சு விடமாட்டாள். குறட்டை விடுவாள், முனகுவாள், எச்சில் ஒழுகவிடுவாள். பெயர் சொல்லி யாரையாவது திட்டுவாள்."

பூதி எழுந்து உட்கார்ந்தாள்.

"நேற்று இன்னொருத்தியும் இதே மூச்சை விட்டுக் காட்டினாள்" என்றாள் குரத்தி.

"யார்?"

குரத்தி வாசல் பக்கம் திரும்பினாள். "குணமதி, உள்ளே வா. உட்கார்ந்துகொண்டே கேட்கலாம்."

பாறைக்குப் பின்னாலிருந்து குணமதி வந்தாள். "ஒட்டுக்கேட்கவில்லை அடிகளே. நிழலுக்காக ஒதுங்கினேன்."

"நிழல் அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறது?"

குணமதி உட்கார்ந்தாள். உட்காரும்போதே பூதியின் கையைப் பார்த்தாள். கை காலியாக இருந்தது.

"என்ன மருந்து கொடுத்தார்கள், அக்கா?"

"உனக்கெதற்கு?"

"நேற்று எனக்கு ஒன்றுமே தரவில்லை. உங்களுக்கு ஏதாவது தருகிறார்களா என்று தெரிந்துகொள்ளத்தான்."

"இரவெல்லாம் படிக்கிறவளுக்கு மருந்து வேறா?"

"யார்? நானா?" குணமதியின் குரல் உயர்ந்தது. "நீங்கள்தானே மல்லாந்து கிடந்து மனசுக்குள் சூத்திரம் ஓட்டுகிறீர்கள்! தூங்குகிற மூச்சா அது? கல்லில் விரலால் தாளம்கூடப் போடுகிறீர்கள். எனக்குக் கேட்காது என்று நினைப்பா?"

"அது கொசுவடி."

"கொசுவை அடித்தீர்களா?" குணமதி சட்டென்று குரத்தியைப் பார்த்தாள்.

"ஓட்டினேன். அடிக்கவில்லை. நீ பேச்சை மாற்றாதே. உன் உதடு சத்தம் போட்டதே, அதற்கென்ன சொல்கிறாய்? சேர்ந்த முதல் மழையிலேயே கேட்டவள் நான். அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

"அன்றிலிருந்தா? அப்படியென்றால் இத்தனை காலமும் விழித்துக்கொண்டு..."

"நீ ஏன் விழித்திருந்தாய்? அதைச் சொல்."

"நீங்கள் விழித்திருந்தீர்கள். நான் தூங்கினால் ஒரு பாடம் முந்திவிடுவீர்கள்."

உதட்டைப் பூதி விடுவதாக இல்லை.

"உதட்டுக்குப் பதில் சொல்."

குணமதி குரத்தியைப் பார்த்தாள். பிறகு மடியைப் பார்த்தாள். "பல்" என்றாள்.

"என்ன?"

"கடைவாய்ப் பல். மழைக் குளிரில் உயிர் போகும். ஒரு கிராம்பை அடக்கிக்கொள்வேன்."

"பொழுது சாய்ந்த பிறகா?"

குணமதி கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டாள்.

பூதியின் உடம்பில் களைப்பு ஒரு கணம் இல்லாமல் போயிற்று. விதி மீறியவள் அவை ஏற முடியாது. ஏறுகிறவள் ஒருத்திதான் என்றால் பட்டமும் அவளுக்குத்தான். அவள் குரத்தியின் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"அடிகளே, கேட்டீர்களா?"

"கேட்டேன்" என்றாள் குரத்தி. "தூங்குகிறேன் என்று நீங்கள் சொன்னதையும் கேட்டேன். இரண்டையும் அவையில் சொல்ல வேண்டுமா, பூதியம்மா?"

வெளியே ஒரு அணில் கத்தி ஓய்ந்தது. பூதி தன் பழைய இடத்துக்கு நகர்ந்துகொண்டாள்.

"சரி" என்றாள் குரத்தி. "இருவரும் படுங்கள். இங்கேயே."

"யார் முதலில் தூங்க வேண்டும்?" என்று கேட்டாள் குணமதி.

அதையே கேட்க பூதியும் வாயைத் திறந்திருந்தாள்.

"நான் நடுவில் உட்கார்கிறேன். இனி விழித்துக் காவல் இருக்கிற வேலை என்னுடையது. நீங்கள் இருவரும் அதைச் செய்ய வேண்டாம்."

குரத்தி தன் கற்படுக்கையை விட்டு இறங்கி, மயிற்பீலியால் தரையைக் கூட்டி, அவர்களைப் படுக்கவைத்தாள். தான் நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பீலியை மடியில் வைத்துக்கொண்டாள். பிற்பகல் பாடத்துக்கு வந்த மாணவிகள் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். குரத்தி கையசைத்தாள். அவர்கள் கீழே இறங்கிப் போகும்போது, "யாருக்கு என்ன நோய்?" "யாருக்குத் தெரியும், இருவருக்கும் தனியாகப் பாடம் நடக்கிறது போல" என்று பேசிக்கொண்டது பூதிக்குக் கேட்டது.

கண்ணை மூடிக்கொண்டு அவள் காதைத் திறந்து வைத்தாள்.

முதலில் குணமதியின் மூச்சு ஒழுங்காக வந்தது. நடிக்கிறாள், என்று நினைத்தாள் பூதி. சற்று நேரத்தில் அது தடுமாறியது. பிறகு ஒரு குறட்டை எழுந்தது. பிசிறு பிசிறாக, பாதியில் அறுந்து, விக்கி, மறுபடியும் தொடங்குகிற அசிங்கமான குறட்டை. தூங்குகிறவள் குறட்டை விடுவாள் என்று குரத்தி சொன்னதைப் பாறைக்குப் பின்னால் நின்று கேட்டவள்தானே! அதற்குள் பழகிவிட்டாள். கெட்டிக்காரி. குரத்தி இதைக் கண்டுபிடிப்பாளா? கண்டுபிடித்தாலும் சொல்வாளா? இருவரும் முன்பே பேசி வைத்துக்கொண்டு என்னை மட்டும் தூங்க வைக்கிறார்களா? அப்படித்தான் இருக்க வேண்டும். அந்தக் குறட்டையில் எங்கே பிழை வருகிறது என்று கவனிக்க வேண்டும். இப்போது வரும். இதோ இப்போது.

கண் திறந்தபோது குகைக்குள் வெளிச்சம் மஞ்சளாகிச் சுவரின் மறுபக்கத்துக்குப் போயிருந்தது. கீழே மாடுகள் திரும்பும் சத்தம் கேட்டது. பூதிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்றே முதலில் விளங்கவில்லை. உடம்பைத் தேடினாள். கனம் இல்லாத ஏதோ ஒன்று அவளுக்குப் பதிலாக அங்கே கிடந்தது.

பக்கத்தில் குணமதி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தாள். நடுவில் குரத்தி, அதே இடத்தில், மடியில் பீலியோடு.

"அடிகளே."

"ம்."

"நான் தூங்கினேனா?"

"கன்னத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள்."

பூதி துடைத்துக்கொண்டாள். கல்லிலும் ஈரம் இருந்தது.

"ஏதாவது பேசினேனா?"

குரத்தி தோளைக் குலுக்கினாள்.

பூதி குரலைத் தாழ்த்தினாள். "இவள்? நடுவில் எழுந்தாளா?"

குரத்தி பீலியில் சிக்கியிருந்த ஒரு சருகை எடுத்தாள்.

"எழுந்து ஏதாவது படித்துவிட்டு, நான் விழிக்கும் முன்பு மறுபடியும் படுத்துக்கொண்டாளா? உண்மையைச் சொல்லுங்கள் அடிகளே. நீங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்?"

"இல்லை" என்றாள் குரத்தி. "நீங்கள் கண்ணை மூடிய கொஞ்ச நேரத்தில் நானும் தூங்கிவிட்டேன்."

பூதி அவளையே பார்த்தாள். முகத்தில் கல் அழுந்திய தடம் எதுவும் இல்லை. உட்கார்ந்தபடி தூங்குகிறவர்களுக்குத் தடம் விழாது என்பதும் உண்மைதான்.

அந்தக் கார்த்திகையில் பட்டம் குணமதிக்குக் கிடைத்தது. பூதி அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. மலையடியில் இருந்த நெசவாளர் ஊரில் குடியிருந்து, அங்குள்ள பெண்களுக்கு எழுத்தும் மருந்தும் சொல்லிக்கொடுத்து, எழுபது வயதுக்கு மேல் வாழ்ந்தாள்.