மெற்றில்டாவின் பத்து நிமிடம்

செபமாலையைக் கையில் எடுத்தாலே உறக்கம் வந்துவிடுகிறது என்று மெற்றில்டா பங்குத் தந்தையிடம் முறையிட்டாள்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. மீன் விற்கிறவள். பங்குத் தந்தை அமலதாஸுக்கு முப்பத்தொன்று. அந்தக் கடற்கரை ஊருக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்று கேட்டார். மூன்று மணிக்கு என்றாள். துறைக்குப் போய் மீன் எடுத்து, சந்தையில் விற்று முடித்துத் திரும்ப மதியம் ஒன்றரை ஆகிவிடும். செபம் இரவு எட்டு மணிக்கு. புருஷன் இறந்த பிறகு தட்டி எழுப்பவும் ஆளில்லை.

"ராத்திரி செபத்தை ஒரு மாசம் விட்டுடுங்க. சந்தையிலிருந்து வர்ற வழியில தினமும் கோயிலுக்குள்ள வாங்க. பத்து நிமிஷம் இருந்து, மனசுல கெடக்கிறதை ஆண்டவர்கிட்ட சொல்லுங்க. ஒண்ணும் கேக்க வேண்டாம்."

"கேக்காம என்ன செபம், ஃபாதர்?"

"சொல்லிப் பாருங்க."

மேலெல்லாம் மீன் நாற்றமாக இருக்குமே என்று இழுத்தாள்.

"மீன் பிடிச்ச இராயப்பரும் ஆண்டவர்கிட்ட அப்படித்தான் வந்திருப்பார்."

மறுநாள் மீன் பாத்திரத்தைக் கோயில் வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனாள். யாருமில்லை. மனதில் கிடந்தது ஒன்றுதான்: மகள் ஷெரின். நாலு வருஷத்துக்கு முன் தன் இஷ்டத்துக்குக் கலியாணம் செய்துகொண்டு மார்த்தாண்டம் போனவள். அப்பன் செத்த அன்றைக்குக்கூட வராமல், அடக்கம் முடிந்த மறுநாள் வந்து நின்றவள். மெற்றில்டா அவளை வாசலோடு அனுப்பிவிட்டாள். சந்தை முழுக்கத் தெரிந்த கதை.

அதை முதல் நாள் அழுதுகொண்டே சொன்னாள். பத்து நிமிடம் போதவில்லை.

இரண்டாம் நாளும் அதையே சொன்னாள். மூன்றாம் நாளும். சந்தையில் இதைச் சொல்லும்போது, அடக்கம் முடிந்து வந்தாள் என்ற இடத்தில் யாராவது உச்சுக் கொட்டுவார்கள். இங்கே ஒரு சத்தமும் இல்லை. நான்கைந்து நாளில் அழுகை நின்றது. பிறகு வசவு நின்றது. இரண்டு நாள் வேறென்ன சொல்வதென்று தெரியாமல் பேசாமல் இருந்துவிட்டு எழுந்து போனாள். ஆனாலும் வருவதை நிறுத்தவில்லை.

பதினேழாம் நாள், உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே வெளியே வந்துவிட்டாள். அமலதாஸ் வேப்பமரத்தடியில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"ஃபாதர், அவ நேரத்துக்கு வரல்லன்னு இன்னைக்கும் சொல்லப் போனேன். வாயில வரல்ல."

அவர் பம்பைக் கீழே வைத்தார்.

"அவளுக்குச் சொல்லி விடக் கூடாதுன்னு நான்தான் சொந்தக்காரங்க எல்லாரையும் தடுத்தேன். என் தலைமேல சத்தியம் வாங்கினேன். மறுநாள் யாரோ சொல்லிக் கேட்டு ஓடி வந்தா பிள்ள. சந்தையில இதை நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல, ஆண்டவருக்குத் தெரியும்னு அங்க இருக்கும்போதுதான் தோணிச்சு."

அமலதாஸ் சைக்கிளை மரத்தில் சாய்த்தார்.

"பாவசங்கீர்த்தனம் பண்ணணுமா?"

"பண்ணலாம். பத்து நிமிஷம் முடிஞ்சுதா?"

பாதிதான் ஆகியிருக்கும் என்றாள். அவர் கோயில் கதவைப் பார்த்தார். மெற்றில்டா திரும்ப உள்ளே போனாள்.

வெளியே வந்தபோது முகத்தைத் துடைத்திருந்தாள். மார்த்தாண்டத்துக்கு எப்போது பஸ் என்று கேட்டாள். மூன்று பத்துக்கு என்றார். வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வர நேரம் இருந்தது. அவள் நகரவில்லை.

"அவ கதவைத் திறக்கல்லன்னா, ஃபாதர்?"

"நாளைக்கு ஒன்றரைக்கு வந்து அதைச் சொல்லுங்க."