டிசம்பர் ஏரி, மே ஏரி

மாணவர்களுக்கு ஒரு வீடியோ போட்டி. தொழிற்கல்வி, விண்வெளி, பருவநிலை மாற்றம் மூன்றையும் மூன்றே நிமிடத்தில் சேர்த்துக் காட்ட வேண்டுமாம். தலைப்பு வைத்தவருக்கு என்ன, வைத்துவிட்டுப் போய்விட்டார். ஜெயிப்பவர்களை ராக்கெட் ஏவுவதைப் பார்க்க அழைத்துப் போவார்கள் என்று கேட்டதிலிருந்து, பாலிடெக்னிக்கில் சிவில் இரண்டாம் ஆண்டு படிக்கும் நிவாஷினிக்குச் சோறு இறங்கவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு அந்த ஆசை.

எப்படியோ வீடியோவை முடித்தாள். அன்று சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். கான்கிரீட் லேபிலிருந்து நேராக, சர்வே பாடம் எடுக்கும் செல்வாம்பிகை மேடத்திடம் ஓடினாள்.

"மேடம், பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க."

மேடம் பார்த்தார். செயற்கைக்கோள் எடுத்த இரண்டு படங்கள். பத்து வருடத்துக்கு முன் அவர்கள் ஊர் ஏரி, கரை தொட்டுத் தண்ணீர். போன வருடம் அதே ஏரி, வெறும் மண். பின்னணியில் அழுகிற வயலின் வேறு.

"நல்லாத்தான் இருக்கு. அப்படியே கொஞ்சம் நில்லு."

மேடம் தன் போனில் அவளைப் படம் எடுத்தார். தலையெல்லாம் சிமென்ட், முகமெல்லாம் வியர்வை. அவள் கழுத்தில் தொங்கிய ஐடி கார்டில், பவுடர் பூசிச் சிரிக்கிற படம் இருந்தது. அதையும் எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கீழே டைப் செய்தார்: 'பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது. இப்போது.'

"உங்க அப்பாவுக்கு அனுப்பட்டுமா?"

"ஐயய்யோ, வேணாம் மேடம்! நாளைக்கே வந்து டிசி வாங்கிடுவாரு. இது இப்பத்தான் கலவை போட்டுட்டு வந்த மூஞ்சி. கழுவினா சரியாயிடும்."

"ரெண்டும் உன் மூஞ்சிதானே? நான் எதையும் மாத்தலையே."

நிவாஷினி அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, ஏரியோட முதல் படம் எந்த மாசம்?"

"டிசம்பர்."

"ரெண்டாவது?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மே," என்றாள்.

உடனே படபடத்தாள்.

"ஆனா ஏரி சுருங்குறது நிஜம் மேடம். வருஷா வருஷம் டிசம்பர் படத்தையே எடுத்து அளந்து பார்த்தேன், நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரியே."

"அதைக் காட்ட வேண்டியதுதானே?"

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறையுது. சட்டுனு கண்ணுக்கே தெரியாது. அதைப் போட்டா யாரு பார்ப்பா? நடக்கறதைத்தானே மேடம் கொஞ்சம் பெரிசாக் காட்டறேன்?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ராக்கெட் போயிடும் மேடம்."

"போனாலும் போகும்."

மேடம் தன் போனிலிருந்த இரண்டு படங்களையும் அழித்தார். பிறகு நாற்காலியை இழுத்து அவளை உட்காரச் சொன்னார்.

"உண்மையான கேஸுக்கு நீ பொய்ச் சாட்சி ஏத்துற. என்னைக்காவது ஒருத்தன் இதே மாதிரி எந்த மாசம்னு கேட்பான். அன்னிக்குத் தோக்கறது ஏரிதாம்மா."