மண்டையன் அடைத்த வழி

காட்டு ஓரத்தில் ஆளுயரப் புற்று ஒன்று. அதற்குள் லட்சம் கறையான்கள்! நடுவறையில் இருக்கும் அரசிக்குச் சாப்பாடு போக ஒரே ஒரு சுரங்கவழிதான். அந்த வழியின் சுவரெங்கும் ஒட்டி நின்று, எச்சிலால் மண்ணை வழவழவென்று மெழுகுகிற கறையான்களுக்கு மெழுகிகள் என்று பெயர்.

காவல் தளபதி மண்டையனுக்கு அவர்களைக் கண்டாலே எரிச்சல். அவன் தலை பெரிது. அதற்குள் இருந்த கர்வம் அதைவிடப் பெரிது!

"ஏய் சிலம்பாயி!" என்று மெழுகிகளின் தலைவியை அதட்டினான். "இலை சுமக்கிறீங்களா? எறும்போட சண்டை போடுறீங்களா? சும்மா சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்க! எல்லாரும் வெளியே போய் இலை சுமங்க!"

"சும்மா நிக்கலைண்ணே! நாங்க மெழுகலைன்னா சுவரு சொரசொரத்துப் போகும். போற வர்ற இலையோட தூளெல்லாம் ஒட்டிக்கும்!"

"தூளுக்குப் பயந்தவன் தளபதியா? கிளம்புங்க!"

போனார்கள். அன்று இலை இரண்டு மடங்கு வந்தது! மண்டையனுக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் சுவரில் வெடிப்பு விட்டது. வெடிப்பில் தூள் ஒட்டியது.

"வெடிப்புக்கு ஒரு வீரன் நில்லுங்கடா!" என்றான் மண்டையன். வீரர்கள் பாய்ந்து போய் நின்றார்கள். சொரசொரப்பில் சிக்கி, நின்றவர்களால் அசைய முடியவில்லை! அவர்கள் உடம்பிலும் தூள் அப்பியது. வழி குறுகிக்கொண்டே வந்தது.

உள்ளேயிருந்து அரசியின் குரல் கேட்டது. "பசிக்குதே! யாருமே இல்லையா?"

மண்டையன் பதறிப்போனான். "விலகுங்கடா! நானே கொண்டு போறேன்!" என்று முட்டிக்கொண்டு நுழைந்தான். டப்! அவனுடைய பெரிய தலை நட்டநடுவில் சிக்கிக்கொண்டது. இனி ஒரு பருக்கைகூடப் போக வழியில்லை!

அரசியின் குரல் நின்றுவிட்டது.

"சிலம்பாயி! தாயே! ஓடி வா!" என்று அலறினான்.

இலைகளைப் போட்டுவிட்டு மெழுகிகள் பறந்தடித்து ஓடி வந்தார்கள். ஆயிரம் வாய்கள் மண்ணை நனைத்தன, சுரண்டின, மெழுகின. "மூச்சை இழுத்துப் பிடிங்கண்ணே!" என்று சிலம்பாயி கத்தினாள். எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள். மண்டையன் பொத்தென்று வெளியே விழுந்தான்!

சிலம்பாயி உள்ளே பாய்ந்து ஒரு வாய் ஊட்டினாள். அரசி மெல்ல விழுங்கினாள். பிழைத்துவிட்டாள்! ஆனால் வழி அடைபட்டுக் கவனிக்க ஆளில்லாமல் போனதால், அன்று பொரிய வேண்டிய முட்டைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மண்டையன் வாய்விட்டு அழுதான். சிலம்பாயி அவனைத் திட்டவில்லை, சுவருக்குத் திரும்பி மெழுகத் தொடங்கினாள்.

நம் ரத்தக் குழாய்களின் உள்சுவரிலும் இப்படி ஓசையில்லாமல் உழைக்கும் உயிரணுக்கள் உண்டு. அவை கெட்டால், காக்க வந்த வெள்ளை அணுக்களே அங்கே சிக்கி வழியை அடைத்து நோயாகிவிடும் என்பதால், சத்தம் போடாமல் உழைப்பவரைச் சும்மா இருப்பவர் என்று ஒருபோதும் எண்ணாதே!