நாற்பத்து மூன்று வருஷத் தவிடு

இந்தக் கதையில் பொய் சொன்னவளும் கெட்டவள் இல்லை, உண்மையை மறைத்தவளும் கெட்டவள் இல்லை. அதனால்தான் நடுவில் மாட்டிக்கொண்ட மூக்காயிக்குத் தலை சுற்றியது. கவனமாகக் கேளுங்கள், கடைசியில் உங்களைத்தான் கேட்கப்போகிறேன்.

கோடிமேட்டுக் குப்பத்தில் மீனை ஏலம் எடுத்து விற்பவள் மூக்காயி. புருஷன் இல்லை, ஒரே மகன் கலையரசன். ஏலத்தில் அவள் வாயைத் திறந்தால் ஆம்பிளைகள் ஒதுங்கி நிற்பார்கள். அவளுக்கு அந்தப் பெயர் வந்த கதையை அம்மா சிவகாமி ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். வரிசையாகப் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தால், அடுத்துப் பிறந்ததை வேறொருத்திக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். வாங்குகிறவள் தவிட்டை அளந்து, அதில் ஒரு பிடியைத் தன் புடவைத் துணியில் முடிந்து கொடுப்பாள், விற்கிறவள் வாங்கிக்கொள்வாள். பிள்ளைக்கு மூக்குக் குத்தி அதையே பெயராகவும் வைத்துவிடுவார்கள். யார் வீட்டுப் பிள்ளையோ என்று எமன் ஏமாந்து திரும்பிவிடுவானாம். விற்பனையெல்லாம் பேருக்குத்தான், பிள்ளை பெற்றவளிடமே வளரும்.

“மூணு போச்சுடி, நாலாவதா நீ வந்த. எதிர்வூட்டு அஞ்சலாட்சிக்குத்தான் ஒன்ன வித்தேன். அவ குடுத்த தவிட்ட அன்னைக்கே மாட்டுக்கு வச்சிட்டேன்” என்பாள் சிவகாமி.

அது நிஜமா என்று விசாரிக்க ஊரில் ஆள் கிடையாது. பழைய குப்பத்தைப் புயல் கொண்டுபோன பிறகு, அங்கிருந்து இங்கே வந்து குடியேறியவை இந்த இரண்டு குடும்பங்கள்தான். வரும்போதே மூக்காயி சிவகாமியின் இடுப்பில் கைப்பிள்ளையாக இருந்தாள். அஞ்சலாட்சிக்கு இங்கே வந்த பிறகு கோதண்டம் பிறந்தான். எதிரெதிர் வீடு என்றுதான் பேர், சிவகாமி ஒருநாளும் அந்த வாசலை மிதித்ததில்லை. ஏனென்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

போன வருஷம் அவள் படுத்த படுக்கையானாள். கோதண்டத்தின் மகள் தேன்மொழி தண்ணீர் பிடிக்க வரும்போதெல்லாம் கலையரசனுக்கு வாசலில் ஏதாவது வேலை வந்துவிடுவதைக் கட்டிலில் கிடந்தபடியே கவனித்திருக்கிறாள், கிழவி. ஒருநாள் மகளின் கையைப் பிடித்தாள்.

“நீ என் வயித்துல பொறந்தவளா இருந்தா, அந்த வூட்டுல பொண்ணெடுக்கக் கூடாது. சத்தியம் பண்ணு.”

“எடுக்கலம்மா” என்று மூக்காயி கையில் அடித்துக் கொடுத்தாள். மூன்றாம் நாள் சிவகாமி கண்ணை மூடினாள்.

வருஷத் திவசம் முடிந்த கையோடு கலையரசன் விஷயத்தைப் போட்டு உடைத்தான். கட்டினால் தேன்மொழியைக் கட்டுவானாம், இல்லையென்றால் கொச்சிப் பக்கம் மீன்பிடி போட்டு வேலைக்குப் போய்விடுவானாம், பிறகு அவனைத் தேட வேண்டாமாம். கோதண்டமோ, வேறு மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று ஆள் அனுப்பிவிட்டான். செத்தவளுக்குக் கொடுத்த சத்தியம் ஒரு பக்கம், இருக்கிற ஒரே பிள்ளை ஒரு பக்கம்.

வியாழக்கிழமை, ஏலம் முடிந்து அவள் வீடு திரும்பியபோது அஞ்சலாட்சி உள்ளே உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணி மூட்டை. அவிழ்த்தால், காய்ந்த வேப்பிலைக்கு நடுவே கறுத்துப்போன ஏதோ தூள்.

“தவிடு” என்றாள் அஞ்சலாட்சி. “ஒங்கம்மா அளந்து குடுத்தது. நாப்பத்து மூணு வருஷமா வச்சிருக்கேன்.”

“நீங்கதான பெரியம்மா எங்கம்மாவுக்குக் குடுத்தீங்க?”

“இதுக்கு மேல என் வாயால சொல்லமாட்டேன்னு சிவகாமி முன்னால கற்பூரம் அணைச்சிருக்கேன். நீ பொண்ண எடுத்துக்க. முறைதான்.”

மூட்டையை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். தூளை விட்டுத் துணியைப் பார்த்தாள் மூக்காயி. மாம்பழ நிறம். பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கி, அம்மாவின் கூறைப்புடவையை எடுத்துப் பிரித்தாள். அதன் முந்தானையில் ஒரு மூலை கிழிந்திருந்தது. மூட்டைத் துணியைப் பக்கத்தில் வைத்தபோது கிழிசலோடு கிழிசல் பொருந்தியது.

துணியை மடியில் போட்டுக்கொண்டு யோசித்தாள். மாட்டுக்கு வைத்த தவிடு இங்கே எப்படி வந்தது? அம்மா ஏன் அளந்து கொடுக்க வேண்டும்? அப்படியென்றால் கோதண்டம் எனக்கு யார்? ஒரே ரத்தத்துக்குள் கல்யாணம் பண்ணுவது பாவம் என்றுதான் அம்மா தடுத்தாளா? பாவம் என்றால் அஞ்சலாட்சி ஏன் எடு என்கிறாள்? ஒன்றை யோசித்தால் இன்னொன்று இடித்தது. விடிந்தால் வெள்ளிக்கிழமை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மூக்காயியைப் பெற்றவள் யார்? அவள் சத்தியத்தைக் காப்பாற்றினால் சரியா, பெண்ணை எடுத்தால் சரியா?

விடை: தவிடு எப்போதும் விற்றவள் கைக்குத்தான் போகும். சிவகாமி அளந்த தவிடு அவள் புடவைத் துணியிலேயே அஞ்சலாட்சியிடம் இருந்ததால், விற்றவளும் அவள்தான், பெற்றவளும் அவள்தான். பேருக்கு வாங்கிய பிள்ளையை, பிள்ளையில்லாத சிவகாமி நிஜமாகவே வைத்துக்கொண்டாள். திரும்பக் கேட்டால் பிள்ளை உயிருக்கு ஆகாதோ என்று அஞ்சலாட்சி பயந்துபோய் விட்டுக்கொடுத்தாள். கோதண்டம் மூக்காயிக்குக் கூடப்பிறந்த தம்பி. தம்பி மகள் அவள் மகனுக்கு முறைப்பெண், அதில் பாவம் ஒன்றும் இல்லை. சத்தியமும் அவளைக் கட்டாது, ஏனென்றால் சிவகாமி கேட்டது அவள் வயிற்றில் பிறந்தவளை. மூக்காயி வெள்ளிக்கிழமை காலையிலேயே தாம்பூலத் தட்டோடு எதிர்வீட்டுக்குப் போனாள். ஆனால் உண்மை தெரிந்த சிவகாமி, சத்தியம் வாங்க வேறு வார்த்தையே கிடைக்காமலா அப்படிக் கேட்டாள்? உண்மை தெரிந்தால் மகளை இழப்போமென்று பயந்து கதவைச் சாத்தியவளே தாழ்ப்பாள் போடாமல் விட்டாளா? அது எனக்கும் தெரியாது. கல்யாணத்தன்று பெற்றவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூக்காயி வளர்த்தவளை நினைத்து அழுதாள்.