கை தாவிய இடம்

ஜெசிந்தா நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலால் ஓர் அழுத்து. தலையும் குடலும் சேர்ந்தே வந்துவிடும். தலை சிரட்டைக்கு, மீன் சட்டிக்கு.

ஆதிலிங்கம் நீளமான கறுப்பு உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தார். அவள் நிமிரவில்லை. சட்டி இன்னும் பாதிகூட நிறையவில்லை.

“டீச்சர், கொண்டாந்துட்டேன்.”

“மெள்ளப் பேசுங்க, அண்ணாச்சி. இப்பத்தான் தூங்குனான்.”

உள்ளறையில் சேலைத் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டிவிட்டு வந்த ஆட்டம் இன்னும் ஓயவில்லை.

அண்ணாச்சிக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. தூத்துக்குடியில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். டீச்சருக்கு அவருடைய மகள் வயது. மாதா கோயில் பாடற்குழுவில், தூணுக்குப் பின்னால் நின்று பேஸ் கிட்டார் வாசிக்கிறவள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் வாசிப்பு தெரியும், முகம் தெரியாது. யாராவது பார்த்தால் அவளுக்கு விரல் தடுமாறும்.

அவளிடம் அண்ணாச்சி இரண்டு வருடமாகப் பேஸ் படிக்கிறார். அவருடைய மைத்துனர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். “பேரன் எடுக்குற வயசுல அத்தானுக்குக் கிட்டார் கேக்குது.” அண்ணாச்சி காதில் போட்டுக்கொள்வதில்லை.

இப்போது திருவிழா மேடையில் வாசிக்க ஒரு குழு அவரைக் கூப்பிட்டிருக்கிறது. சொந்தமாகப் பேஸ் இருந்தால் வரலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் உறையைத் திறந்தார். உள்ளே நீல நிறத்தில் ஒரு பேஸ் பளபளத்தது. புதுக் கார் மாதிரி.

“கார் மாதிரி இருக்கே,” என்றாள் ஜெசிந்தா.

“கார் பெயிண்ட்தான். தொம்மை அடிச்சது. நம்ம கடைக்கு வருவான்ல, கார் பட்டறை வச்சிருக்கவன்.”

“தொம்மைக்கு வாசிக்கத் தெரியுமா?”

“அவனுக்கு ஹாரன்தான் வாசிக்கத் தெரியும்.”

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். பிள்ளை தூங்குகிறான்.

“டீச்சர், இது கஸ்பார் மாஸ்டரோடதுன்னு தொம்மை சொல்லுதான்.”

அவள் கை ஒரு கணம் நின்றது. அண்ணாச்சி அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் குரல் ஒரு படி இறங்கிவிடும்.

சின்னப் பையனாக இருந்தபோது, திருவிழாக் கச்சேரியில், மேடையின் காலடியில் நின்று அவர் கஸ்பார் மாஸ்டரைப் பார்த்தார். பாடகரைப் பார்க்கவில்லை, ஆடியவர்களைப் பார்க்கவில்லை. மேடை ஓரத்தில் கருப்பட்டி நிறப் பேஸோடு நின்ற அந்த ஒல்லியான மனிதரின் இடது கையை மட்டும் பார்த்தார். பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று அந்தக் கை பேஸின் கழுத்தில் மேலிருந்து கீழே ஒரு தாவு தாவும். மீன்கொத்தி மாதிரி. ஒரு சுரத்தைக் கொத்திக்கொண்டு மறுபடி பழைய இடத்துக்குப் பறந்துவிடும். தாவிய தடமே தெரியாது.

அந்தத் தாவல் பையனின் நெஞ்சில் விழுந்து அங்கேயே கிடந்தது. கடை, கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் அதன்மேல் வந்து அடுக்கின. அது நசுங்கவில்லை.

“வேற பேஸ் எத்தனையோ கிடைக்கும், டீச்சர். எனக்கு அது வேணாம். இது அவரோடதுன்னா வாங்குதேன். இல்லேன்னா மேடையே வேணாம்னு சொல்லிருவேன். இதை வாங்க பஸ் ஏறி மதுரையிலேருந்து ஒருத்தரு வந்துக்கிட்டு இருக்காராம். அவரு வந்து சேருறதுக்குள்ள சொல்லணும்னு தொம்மை நிக்கான். நீங்க பாத்துச் சொல்லுங்க.”

“நான் பிறக்கும் முன்னாடியே கஸ்பார் மாஸ்டர் போய்ச் சேந்துட்டாரே. நான் எப்படிச் சொல்ல?”

“தொட்டுப் பாத்தாவது...”

ஜெசிந்தா இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். விரலெல்லாம் வெள்ளிச் செதில், மீன் ரத்தம்.

“இந்தக் கையால தொட்டேன்னா மதுரைக்காரரும் வாங்க மாட்டாரு. நீங்க பாருங்க, அண்ணாச்சி. நான் கேக்கேன்.”

அண்ணாச்சி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பேஸை மடியில் கிடத்தினார். முதலில் பெயிண்டைத்தான் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது அதுதானே. நகத்தால் சுண்டினார். வெளிச்சத்தில் சாய்த்தார்.

“மூணு கோட்டு. பட்டி பாத்து இழைச்சிருக்கான். ஒரு ஓட்டம் இல்ல, ஒரு கொப்புளம் இல்ல. வேலைன்னா இது வேலை.”

“கழுத்து எப்படி இருக்கு?”

“நீலமில்ல, மரநிறந்தான்.”

“நிறத்தக் கேக்கல. கதவுக்கு நிலை வாங்கும்போது எப்படிப் பாப்பீய?”

அவர் பேஸைத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, நுனியிலிருந்து பார்த்தார். “நேராத்தான் இருக்கு. நடுவுல ஒரு துளி பள்ளம்.”

“ஒரு துளி இருக்கணும். கழுத்தைக் கழற்றிப் பாத்தியளா?”

“அதையும் பாத்துட்டேன், டீச்சர்.” அவர் குரல் சோர்ந்தது. “கழுத்து போய் உக்காருற குழிக்குள்ள யாரும் பெயிண்டு அடிக்க மாட்டாங்க, பழைய நிறம் அங்க ஒட்டிக்கிட்டு இருக்கும்னு சொன்னாங்க. தந்தியைத் தளர்த்தி, நாலு திருகையும் கழற்றிப் பாத்தேன். ஒரு பொட்டுக் கருப்பட்டி நிறம் தெரிஞ்சாப் போதும், கண்ணை மூடிக்கிட்டு வாங்கிருவேன். உள்ளயும் நீலம்.”

“தொம்மைகிட்டக் கேட்டியளா?”

“கேட்டேன். ‘என்ன அண்ணாச்சி, என் வேலைய அவ்வளவு மட்டமாவா நினைச்சீய? ஒரு பொட்டுப் பழசு விடாம உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன்’னு கோவிச்சுக்கிட்டான்.”

ஜெசிந்தா சிரட்டையைத் தள்ளி வைத்தாள்.

“சரி. வாசிச்சீயளா?”

“பட்டறையில வச்சு வாசிச்சேன். ஆளுயர ஸ்பீக்கரு. தகரக் கூரையே அதிர்ந்துச்சு. எல்லாச் சுரமும் கோயில் மணி மாதிரி நின்னு பேசுது.”

“எல்லாமுமா?”

“எல்லாமும்.”

அவள் அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உடனே குனிந்துகொண்டாள்.

“ஸ்பீக்கர் வேணாம். பேஸோட முனைய அந்த அலமாரிக் கதவுல சாய்ச்சு வச்சு வாசிங்க. மரம் பேசும்.”

மூலையில் ஒரு பழைய மர அலமாரி இருந்தது. பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் சாதகம் செய்வது அப்படித்தான். அண்ணாச்சி நகர்ந்து உட்கார்ந்து, சாய்த்து, ஒரு தந்தியை இழுத்தார். அலமாரி ‘ம்’ என்றது. உள்ளே இருந்த எவர்சில்வர் தட்டுகூட லேசாக முனகியது.

“கஸ்பார் மாஸ்டரோட அந்தத் திருவிழாப் பாட்டை வாசிங்க.”

அவர் வாசித்தார். சுரங்கள் அலமாரிக்குள் போய் உருண்டு வெளியே வந்தன. ஓரிடத்தில் அவருடைய இடது கை மேலிருந்து கீழே ஒரு தாவு தாவியது. கொத்திக்கொண்டு திரும்பியது.

“தாவாதிய,” என்றாள் ஜெசிந்தா.

இதை அவள் இரண்டு வருடமாகச் சொல்கிறாள். அந்தச் சுரம் மெல்லிய தந்தியில், கழுத்தின் ஐந்தாவது கட்டத்தில், விரலுக்கு அடியிலேயே இருக்கிறது. அதே சுரம் பக்கத்துத் தடித்த தந்தியிலும் இருக்கிறது, ஆனால் அதற்குக் கை வெகுதூரம் போய்த் திரும்ப வேண்டும். வாசலில் தண்ணீர்க் குழாய் இருக்க, அடுத்த தெருவுக்குக் குடம் தூக்கிப் போகிற மாதிரி. அவள் சொல்லும்போதெல்லாம் அண்ணாச்சி ஒரே பதில்தான் சொல்வார்.

இப்போதும் சொன்னார். “அதுதான் டீச்சர் ஸ்டைலு. கஸ்பார் மாஸ்டர் ஸ்டைலு.”

“இன்னைக்கு ஒரு தடவ தாவாம வாசிங்க. எனக்காக.”

“தாவாம வாசிச்சா உப்பில்லாத குழம்பு மாதிரி இருக்குமே.”

“இருக்கட்டும். உப்பு அப்புறம் போட்டுக்கலாம்.”

அவர் அரைமனதோடு மறுபடி ஆரம்பித்தார். அந்த இடம் வந்தது. கை தாவப் பார்த்தது. அதட்டி நிறுத்தி, ஐந்தாவது கட்டத்தில் விரலை அழுத்தினார்.

தொப்.

ஈரத்துணி கீழே விழுந்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். அலமாரி வாயே திறக்கவில்லை.

“அழுத்தம் பத்தல போல,” என்றார்.

“அழுத்தி வாசிங்க.”

தொப்.

“விரல் மாத்தி.”

தொப்.

“பக்கத்துக் கட்டம்?”

அலமாரி ‘ம்’ என்றது.

“இந்தப் பக்கம்?”

‘ம்’.

“மறுபடி அஞ்சு.”

தொப்.

அண்ணாச்சியின் முகம் கறுத்துவிட்டது. பேஸை அலமாரியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பளபளத்த நீலத்தில் அவர் முகம் கோணலாகத் தெரிந்தது.

“ஏமாத்திட்டான், டீச்சர். ஓட்டையை மறைக்கத்தான் இத்தனை பெயிண்டு. நாசமாப் போவான்.”

“தொம்மையைத் திட்டாதிய. ஹாரன் வாசிக்கவனுக்கு இது எப்படித் தெரியும்?”

“அப்போ பட்டறையில எனக்கு ஏன் கேக்கல? அரைமணி நேரம் வாசிச்சேனே!”

ஜெசிந்தா ஒரு மீனை எடுத்தாள். தலையைக் கிள்ளினாள்.

அண்ணாச்சி தன் கையைப் பார்த்தார். பட்டறையில் அரைமணி நேரமும் அந்தக் கை அந்த இடத்தைத் தாண்டித் தாண்டித்தான் போயிருக்கிறது.

“இது மரத்தோட குணம், அண்ணாச்சி,” என்றாள் அவள். “பேஸுன்னா எங்கயாவது ஒரு சுரம் கொஞ்சம் மங்கும். இதுல அந்த ஒரு இடம் செத்தே கிடக்கு. பெயிண்டுக்கு முன்னாடியும் அப்படித்தான் இருந்திருக்கும். தேய்ச்சாலும் போகாது, பூசினாலும் போகாது.”

“செத்த இடத்த வச்சுக்கிட்டு மேடையில என்ன செய்ய?”

“நீங்களே சொல்லுங்க. கச்சேரி நடக்கு. ஊரே உக்காந்திருக்கு. கையில இந்தப் பேஸ்தான் இருக்கு, வேற இல்ல. அந்தச் சுரம் வருது. என்ன செய்வீய?”

“என்ன செய்ய, பக்கத்துத் தந்திக்குப் போயி...”

சொல்லும்போதே அவருடைய இடது கை தானாகக் கிளம்பியது. மேலிருந்து கீழே.

பாதி வழியில் நின்றுவிட்டது.

கை அந்தரத்தில் நின்றது. உள்ளறையில் தொட்டில் ஓய்ந்திருந்தது. ஒரு ஈ சிரட்டையைச் சுற்றி வந்து உட்கார்ந்தது. ஜெசிந்தா முழங்கையால் விரட்டினாள்.

“டீச்சர்...”

“ம்.”

“அவரு ஸ்டைலுக்குத் தாவல.”

அவள் மீனைச் சட்டியில் போட்டாள்.

“இது அவரோடதுதான், டீச்சர். இதேதான். கருப்பட்டி நிறம் போனா என்ன... இந்த இடம் செத்துக் கிடந்ததாலதான் அவரு...” துண்டின் முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். பிறகு சிரிப்பும் போய்விட்டது.

“அப்போ நான் இத்தனை நாளா... உங்க பேஸுல அந்த இடம் நல்லாத்தானே இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு.”

“ரெண்டு வருசமா அந்த நல்ல இடத்தத் தாண்டித் தாண்டிப் போயிருக்கேன்.”

“ம்.”

அண்ணாச்சியின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பிள்ளை எழுந்துவிடுமே என்று அவசரமாக எடுத்தார். தொம்மையின் குரல் வெளியே கேட்டது.

“அண்ணாச்சி, மதுரைக்காரரு பஸ்ஸ விட்டு இறங்கிட்டாராம். ஆட்டோ பிடிச்சு வாராரு. வேணுமா வேணாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“இருப்பா. ஒரு நிமிசம்.”

போனைக் காதிலிருந்து இறக்கி, கையால் பொத்திக்கொண்டார். நீலப் பேஸ் மடியில் கிடந்தது.

“என்ன சொல்ல, டீச்சர்? வாங்கட்டுமா?”

ஜெசிந்தா கடைசி மீனை எடுத்தாள். அதன் தலையைக் கிள்ளாமல் கொஞ்ச நேரம் விரலிடுக்கில் வைத்திருந்தாள்.

“வாங்கினீயன்னா அந்த இடத்துல தாவித்தான் ஆவணும், அண்ணாச்சி. சாவுற வரைக்கும். வாங்கலேன்னா, இனிமே தாவுறத விட்டுட்டு—”

“எம்மா!” என்றது தொட்டில்.

அவள் மீனைச் சட்டியில் போட்டுவிட்டு, கையைச் சேலையில் படாமல் விரித்துப் பிடித்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள்.

“அண்ணாச்சி?” என்றது போன். “அண்ணாச்சி, லைன்ல இருக்கீயளா?”