கைதட்டல்

"எல்லாம் சரியாத்தான் செய்தேன் டீச்சர். ஆனாலும் அந்தப் பிள்ள வகுப்புக்கு வர்றதை நிறுத்திட்டா" என்றார் தாணுமாலயன்.

வால்பாறையிலிருந்து மலையிறங்கி, பொள்ளாச்சியில் இருந்த பூங்கோதையின் வீட்டுக்கு வந்திருந்தார். கொண்டையூசி வளைவுகள் அவர் முகத்தில் இன்னும் மிச்சமிருந்தன.

பூங்கோதை, ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்குக் கற்பிப்பவர். தாணுமாலயனைவிட வயதில் மிகவும் இளையவர். தலைமையாசிரியராக ஓய்வுபெற்றபின், தேயிலைத் தோட்டத்தில் மாலை வகுப்பு தொடங்குமுன், தாணுமாலயன் அவரிடம்தான் பயிற்சிக்கு வந்தார். தலை நரைத்தவர் டீச்சர் என்று அழைப்பார். நரைக்காதவர் சார் என்று அழைப்பார்.

"நீங்க சொன்னதைத்தான் செய்தேன்" என்றார் மறுபடியும்.

மொழியை மட்டும் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள், அவர்கள் ஊரும் வகுப்புக்குள் வரட்டும் என்று பூங்கோதை சொல்லியிருந்தார்.

அந்தப் பெண்ணின் பெயர் சுக்மதி. ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவள். வகுப்பில் எல்லோரையும்விட வேகம். கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் உதவியாளர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். அடுத்த வாரம் நேர்முகத் தேர்வு, ஆங்கிலத்தில். போனால் கிடைத்துவிடும். போகாவிட்டால் ஆயுள் முழுக்கக் கூடைதான்.

வெள்ளிக்கிழமைகளை அவர் கலாசாரத்துக்கென்று ஒதுக்கியிருந்தார். சுவரில் தேசப்படம் மாட்டி, சுக்மதியை முன்னால் நிற்கவைத்து, உங்கள் ஊரில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். சோறு, பருப்பு என்றாள். அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்தப் பக்கத்தில் செவ்வெறும்பை அரைத்துச் சட்னி செய்வார்கள் என்று எங்கோ படித்திருந்தார். அதைச் சொல் என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவள், பிறகு சொன்னாள். தப்பில்லாத ஆங்கிலம். அடுத்த வெள்ளி, அவர்கள் வழக்கப்படி சேலை கட்டிவரச் சொன்னார். அதற்கடுத்த வெள்ளி, ஆடச் சொன்னார்.

ஒவ்வொரு முறையும் வகுப்பே கைதட்டியது.

"ஒருத்திகூடச் சிரிக்கல. சிரிக்க விடுவேனா நான்?"

அவள் வீட்டுக்குப் போனீர்களா என்று பூங்கோதை விசாரித்தார். போயிருந்தார். காய்ச்சல் என்று அக்காள்காரி வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டாள். உள்ளே சுக்மதி யாரோடோ அவள் பாஷையில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"நான் எங்க தப்பு பண்ணினேன்?"

பூங்கோதை எழுந்தார்.

"சாப்பிடலாம் வாங்க சார்."

அன்று பூங்கோதையிடம் பயிற்சிக்கு வந்தவர்களும் அங்கேதான் சாப்பிட்டார்கள். சேலத்துப் பெண்கள் இருவர், ஒரு நாகப்பட்டினத்துக்காரர், இன்னும் சிலர். கூடத்தில் வரிசையாக இலை போட்டிருந்தது. தாணுமாலயனை நடுவில் உட்கார வைத்தார் பூங்கோதை.

கடைசியில் பருப்புப் பாயசம் வந்தது. மற்றவர்கள் டம்ளரில் வாங்கிக்கொண்டார்கள். தாணுமாலயன் இலையைக் காட்டினார். நாகர்கோவில்காரர். கை தன்போக்கில் பப்படத்தை நொறுக்கிப் போட்டது. பழத்தை உரித்துப் பாயசத்தோடு பிசைந்தது. அள்ளி வாயில் வைத்தபோது, மலையும் சுக்மதியும்கூடச் சற்று விலகிப்போனார்கள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்றார் பூங்கோதை. "சாரைப் பாருங்க. இவங்க பக்கத்து ஆளுங்க பாயசம் இப்படித்தான் சாப்பிடுவாங்க. சார், இன்னொரு தடவை பிசைஞ்சு காட்டுங்க. எல்லாருக்கும் தெரியற மாதிரி, மெதுவா."

வரிசையில் எல்லாக் கைகளும் நின்றன. கடைசி இலைக்காரர் எட்டிப் பார்த்தார். ஒருவர் இடது கையால் போனை எடுத்தார்.

தாணுமாலயன் பிசைந்து காட்டினார்.

"அப்பளம் உப்புக் கரிக்காதா சார்?" என்று சேலத்துப் பெண் அக்கறையாகக் கேட்டாள்.

கரிக்காது என்றார்.

வீட்டிலும் இப்படித்தானா, விருந்தில் மட்டுமா, பெண்களும் கையால் அள்ளித்தான் சாப்பிடுவார்களா என்று கேள்விகள் வந்தன. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். நாகப்பட்டினத்துக்காரர், எவ்வளவு அழகான வழக்கம் என்றார். மனதாரத்தான் சொன்னார்.

"கைதட்டுங்க" என்றார் பூங்கோதை.

எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் தரையில் தட்டினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

பாயசம் தாணுமாலயனின் முழங்கைவரை வழிந்திருந்தது.

எல்லோரும் தத்தம் இலைக்குத் திரும்பினார்கள். அவர் தன் இலையைப் பார்த்தார். நொறுங்கிய பப்படம், குழைந்த பழம், மஞ்சளாய் ஒரு கூழ். அறுபது வருஷமாகச் சாப்பிட்டது. முதன்முதலாக அது அவருக்கு அருவருப்பாகத் தெரிந்தது.

பூங்கோதை பாத்திரத்தோடு குனிந்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா சார்?"

"போதும்."

"உங்களுக்குப் பிடிக்கும்னுதானே செஞ்சேன்."

தாணுமாலயன் வரிசையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை. இருந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கொஞ்சமா... டம்ளர்ல தாங்க."

டம்ளர் பூங்கோதையின் மற்றொரு கையில் ஏற்கெனவே இருந்தது.

அதை வாங்கினார். குடிக்கவில்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கீழே வைத்துவிட்டு, இலையை மடித்துக்கொண்டு எழுந்தார்.

பின்கட்டில் கை கழுவும்போது, வால்பாறைக்கு அடுத்த பஸ் எப்போது என்று கேட்டார். உடனே கிளம்பினால் பிடித்துவிடலாம் என்றார் பூங்கோதை.

துண்டை நீட்டியபடி கேட்டார்.

"போய் அவகிட்ட என்ன கேப்பீங்க?"

தாணுமாலயன் குழாயை மூடினார்.

"ஒண்ணும் கேக்க மாட்டேன் டீச்சர்."