ஆறாயிரத்து ஐந்நூறு

“‘உங்க ஜீப்பு எதிர்ல வந்தா நான் கண்ணால வண்டி ஓட்டலைங்கம்மா, வேளாங்கண்ணி மாதாவை வேண்டிக்கிட்டு ஓட்டுறேன்.’ இது சவரிமுத்து சொன்னது. ஒரு சொல் கூட்டல, ஒரு சொல் குறைக்கல. இப்ப நீங்க சொல்லுங்க, எத்திராஜ்.”

“பால் வண்டிக்காரன் பேச்சையெல்லாம் பெருசா எடுத்துக்கிட்டு…”

“பாலை மட்டும் ரெண்டு டம்ளர் எடுத்துக்கிறீங்க இல்ல?”

எத்திராஜ் இடுப்பிலிருந்த ஜீப் சாவியைத் தடவிக்கொண்டார்.

கேட்டவர் சுகந்தி அம்மா, மலைமேல் இருந்த ஒரு சின்ன ஆசிரமத்தின் குரு. வயது நாற்பத்தைந்துதான். சீடர் எத்திராஜுக்கு அறுபத்துமூன்று. மின்வாரியத்தில் ஓய்வு பெற்றுவிட்டு ஞானம் தேடி வந்தவர். அவருக்குப் பாட வராது, முழங்கால் வலியால் தரையில் உட்காரவும் வராது. வண்டி ஓட்ட வரும். ஆசிரமத்து ஜீப்பின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கும்போதுதான் தாமும் அங்கே ஓர் ஆள் என்று அவருக்குத் தோன்றும்.

போன வாரம் ஜீப்பின் முன்விளக்கு ஒன்று பியூஸ் போயிற்று. வத்தலக்குண்டுக்கு இறங்கிப் போய் இரண்டு பக்கத்துக்கும் புதுப் பல்பு வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். நேற்று மாலை, பனிமூட்டத்தில், வளைவில் எதிரே வந்த பால் வண்டிக்காரனுக்கு அந்த வெளிச்சத்தில் கண் கூசி, வண்டியின் பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டது. ஒரு புளியமரம் தாங்கிப் பிடித்தது. எத்திராஜ் அதைப் பார்க்கவே இல்லை. நேராக வந்து ஜீப்பை நிறுத்திவிட்டு தியானத்துக்குப் போய்விட்டார்.

அம்மா கையை நீட்டினார்.

“சாவி.”

“அம்மா, நாளைக்கு விடியக்காலம் கண் ஆபரேஷனுக்கு நாலு பேரைக் கீழே கூட்டிட்டுப் போகணும். நான் இல்லாம யாரு ஓட்டுவா?”

“அவங்க உயிரோட போய்ச் சேரணுமேன்னுதான் கேக்கறேன்.”

சாவி கை மாறியது. எத்திராஜின் முகம் சிவந்தது.

“நான் ஒண்ணும் மட்டமான பல்பு வாங்கலையே. இதோ பாருங்க.” அட்டைப்பெட்டியை எடுத்துக் காட்டினார். “ஆறாயிரத்து ஐந்நூறு. பழசு வெறும் மூவாயிரம். இரட்டிப்புக்கும் மேல வெளிச்சம்!”

அம்மா பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

“இது நிறத்தோட எண். எண் ஏற ஏற மஞ்சள் போய் வெள்ளை வரும், வெள்ளை போய் நீலம் வரும். எவ்வளவு வெளிச்சம்ங்கறது வேற எண். அது இங்க, அடியில, பொடி எழுத்துல இருக்கு. லூமன்னு போட்டிருக்கான். முப்பது வருஷம் மின்வாரியத்துல என்ன பண்ணினீங்க?”

“கணக்குப் பிரிவும்மா.”

“அதான். பெரிய எண்ணைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துடுச்சு.”

“அந்த லூமனும் இதுல ஜாஸ்திதானேம்மா?” எத்திராஜ் விடுவதாக இல்லை. “நிறைய வெளிச்சம் வேணும்னு ஒருத்தன் நினைக்கிறது தப்பா? அதுக்காகத்தானே நானே உங்ககிட்ட வந்தேன்?”

அம்மா எழுந்தார். அலமாரியைத் திறந்து, சாதாரண மஞ்சள் பல்பு இரண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஜீப்பின் பானெட்டைத் தூக்கினார். கண்ணாடியில் விரல் படாமல் துணியால் பிடித்து, இடது விளக்கில் மட்டும் மஞ்சளை மாட்டினார். வலது பக்கம் எத்திராஜின் பல்பு அப்படியே இருந்தது.

“ஒண்ணு அப்படி, ஒண்ணு இப்படி. பார்க்கறவன் சிரிப்பான்மா.”

“சிரிக்கட்டும். ஏறுங்க.”

அம்மாவே ஓட்டினார். மாலைப் பனி பாதையை மூடியிருந்தது. வளைவில் நிறுத்தினார்.

“என்ன தெரியுது?”

“வலது பக்கம் வெள்ளையா சுவரு மாதிரி நிக்குது. இடது பக்கம்…” எத்திராஜ் குனிந்து பார்த்தார். “ஓரக்கல்லு தெரியுது. நாலு கல்லு. அதுக்கப்புறம் பள்ளம்.”

“இறங்கி முன்னால போங்க. போய்த் திரும்பி, என்கிட்ட நடந்து வாங்க.”

அவர் போய்த் திரும்பினார். இரண்டு விளக்குகளும் முகத்தில் அடித்தன. கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, காலால் தடவித் தடவி வந்தார். வந்து முட்டி நின்றது மஞ்சள் விளக்கின் பக்கம்.

“நேராத்தானே வரச் சொன்னேன். ஏன் அந்தப் பக்கம் ஒதுங்கினீங்க?”

“வெள்ளை விளக்குப் பக்கம் வண்டி இருக்குன்னே தெரியலம்மா. வெளிச்சம்தான் இருந்தது.”

“வண்டிக்குள்ள நான் இருந்தேன்.”

எத்திராஜ் மூக்கை உறிஞ்சினார். ஆசிரமத்துக்கு வந்ததும் அவரே பானெட்டைத் தூக்கி வலது பல்பையும் மாற்றினார். துணியால் பிடிக்க மறக்கவில்லை.

விடியற்காலையில் அம்மா சாவியை அவரிடம் கொடுத்தார்.

“போகும்போது நீங்க ஓட்டுங்க. வரும்போது யாருங்கறதைக் கீழே போய்ப் பார்த்துக்கலாம். நானும் வர்றேன்.”

கண்ணில் புரை விழுந்த நால்வரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். எத்திராஜ் மெதுவாக இறக்கினார். மஞ்சள் வெளிச்சம் அதிக தூரம் போகவில்லை. ஆனால் போன தூரம் வரைக்கும் பாதை இருந்தது.

பாதி மலையில், கீழேயிருந்து ஒரு கார் ஏறி வந்தது. புதுக் கார். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம், பனி முழுவதையும் கொளுத்தியது போல. எத்திராஜுக்குக் கண் கூசியது.

“யாருடா இவன், அறிவு கெட்டவன்! ஒரு தடவை ஹைபீம் போட்டுக் காட்டறேன், அப்பத்தான் புத்தி வரும்!”

“அவனுக்குக் கண்ணு தெரியாமப் போனா எங்க வந்து இடிப்பான்?” என்றார் அம்மா.

எத்திராஜின் விரல் விசையிலிருந்து இறங்கியது. ஜீப்பை மலைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினார். கார் ஒரு சாண் இடைவெளியில் உரசாமல் போயிற்று. வேகம்கூடக் குறையவில்லை.

“பார்த்தீங்களாம்மா? இவ்வளவு ஒதுங்கி வழி விட்டேன். ஒரு கை காட்டினானா?”

“உங்களைப் பார்த்திருந்தாத்தானே?”

எத்திராஜ் தலையைத் திருப்பினார். கண்ணாடியில் அந்தக் காரின் பின்விளக்கு சிவப்பாக வளைவைத் தாண்டி மறைவதையே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கை ஸ்டியரிங்மேல் கிடந்தது.

பின்னாலிருந்து ஒரு கிழவியின் குரல் வந்தது.

“ஏன் நின்னுட்டீங்க? ஆஸ்பத்திரியில டோக்கன் தீர்ந்துரும். வண்டிய எடுங்க சாமி.”